சிங்காநல்லூருக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?

சில மாதங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு சிறுகதையைப் படித்துவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓர் அன்பர் கடிதம் எழுதியிருந்தார். கதையில் ஒரு மில் தொழிலாளியின் பேரன் கப்பல் வேலைக்குப் போகிறான். அவன் கப்பல் செங்கடலில் அகப்பட்டுக் கொள்கிறது. அன்பருக்கு இது பிடிக்கவில்லை. "உங்களுக்குச் சிங்காநல்லூர் தெரியும், மில் தெரியும், குளத்து மேட்டில் மாடு மேய்க்கிறவனைத் தெரியும். அதை எழுதுங்கள். கப்பலைத் தூத்துக்குடிக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். சிங்காநல்லூருக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருந்தார்.

அதோடு நிறுத்தியிருந்தால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். கடைசியில் இன்னொரு வாக்கியமும் இருந்தது. "அமெரிக்கப் போர்க் கப்பல்கள் காவல் இருப்பதால்தான் உலகத்தில் சாமான்கள் இடம் பெயர்கின்றன, அந்தக் காவலில் நம் பையன்களுக்கு ஆபத்து என்று எழுதுவது நன்றி கெட்டதனம்."

ஆகக் குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, எனக்குச் சம்பந்தமில்லாததை எழுதினேன் என்பது. மற்றொன்று, நன்றி கெட்டவன் என்பது. இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை நிறுத்திக் கொண்டவன் நான். கப்பலில் ஏறியது இல்லை. ராமேசுவரத்தில் ஒரு தடவை படகில் ஏறி, கரை மறைவதற்கு முன்பே தலை சுற்றி, கூட வந்தவர்களின் பரிகாசத்துக்கு ஆளானவன். கடலைப் பற்றிப் பேச எனக்கு உள்ள யோக்கியதை இவ்வளவுதான்.

ஆனால், கோயம்புத்தூருக்குக் கடற்படையே அந்நியம் என்று நினைப்பவர்கள் ரெட்பீல்ட்ஸ் வரை ஒரு நடை போய் வரட்டும். அங்கே 'ஐ.என்.எஸ். அக்ரணி' என்று பலகை போட்டிருக்கும். இந்தியக் கடற்படையின் தலைமைப் பயிற்சி நிலையம் அது. அலையோசை கேட்காத ஊரில் கடற்படைக்காரர்கள் வெள்ளை உடுப்புடன் நடமாடுகிறார்கள். இன்னும் வேடிக்கை கேளுங்கள். நம் கடற்படையின் விமானத் தளமான 'ஹன்ஸா' இன்று கோவாவில் இருக்கிறது. 1958-ல் அது பிறந்தது எங்கள் சிங்காநல்லூருக்குக் கிழக்கே இருக்கும் சூலூரில். கோவா விடுதலை அடைந்த பிறகுதான் அங்கே குடிபோயிற்று.

சரி, அவை நம்மவர் விவகாரம். அமெரிக்கப் போர்க் கப்பலுக்கும் எங்கள் ஊருக்கும் என்ன? அந்த உறவுக்கு வயது நூற்று அறுபதுக்கு மேல்.

1861 ஏப்ரலில் ஆப்ரகாம் லிங்கன் ஒரு பிரகடனம் வெளியிட்டார். அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த தென் மாகாணங்கள் ஐக்கிய நாட்டிலிருந்து பிரிந்துவிட்டன; அவற்றின் துறைமுகங்களையெல்லாம் வடக்கின் கடற்படை அடைத்துவிட வேண்டும் என்பது கட்டளை. அடைக்க வேண்டிய கரை ஏறக்குறைய 3,500 மைல். கையில் இருந்த கப்பல்களோ தொண்ணூறு சொச்சம். அவற்றிலும் பல உடனே கடலுக்குப் போகும் நிலையில் இல்லை. சரக்குக் கப்பல், பிரயாணிக் கப்பல், ஆறு கடத்தும் பரிசல் வேலை பார்த்த நீராவிப் படகு என்று அகப்பட்டதையெல்லாம் விலைக்கு வாங்கிப் பீரங்கி ஏற்றினார்கள். யுத்தம் முடிந்த 1865-ல் அந்தக் கடற்படையில் 600-க்கு மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. நடுவே, 1862 மார்ச் 9-ந் தேதி, வர்ஜீனியாக் கரையில் 'மானிட்டர்', 'வர்ஜீனியா' என்ற இரண்டு இரும்புக் கவசக் கப்பல்கள் மணிக்கணக்காக முட்டிக்கொண்டன. ஒன்றை ஒன்று முடிக்க முடியவில்லை. மரக் கப்பலின் காலம்தான் முடிந்தது.

இங்கிலாந்தின் மில்களுக்கு வந்து கொண்டிருந்த பருத்தியில் முக்கால் பங்குக்கு மேல் அந்தத் தென் மாகாணத் துறைமுகங்களிலிருந்துதான் வந்தது. துறைமுகம் அடைபட்டதும் லங்காஷயரில் தறிகள் நின்றன. தொழிலாளிகள் கஞ்சித் தொட்டிக்கு முன் வரிசையாக நின்றார்கள். மில் முதலாளிகளின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது. அதுவரை, "மட்ட ரகம், குட்டை இழை, தூசி" என்று ஒதுக்கப்பட்ட நம் பருத்திக்குத் திடீரென்று ராஜமரியாதை. விலை பல மடங்கு ஏறிற்று. பல்லடத்திலும் தாராபுரத்திலும் உடுமலைப்பேட்டையிலும் கரிசல் நிலத்தில் உப்பம் பருத்தி போட்டுக் கொண்டிருந்த குடியானவன் கையில், அவன் பாட்டன் பூட்டன் பார்க்காத காசு புரண்டது.

அதே 1862-ல்தான் சென்னையிலிருந்து மேற்குக் கரையில் பேப்பூர் வரை ரயில் பாதை முழுமையாயிற்று. அந்தப் பாதை போத்தனூர் வழியாகப் போயிற்று. இன்றைக்கும் இருகூருக்கும் போத்தனூருக்கும் நடுவே சிங்காநல்லூர் ஸ்டேஷனில் நின்று தண்டவாளத்தைப் பார்க்கும்போது, மூட்டை மூட்டையாகப் பருத்தி போன காலத்தை நினைத்துக் கொள்வேன். அந்த மூட்டைகளைத் துறைமுகம் நோக்கி இழுத்தது நீராவி இஞ்சின் மட்டும் அல்ல. எங்கோ சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில், பெயர் தெரியாத ஒரு மாலுமி இரவெல்லாம் கண் விழித்துக் காவல் இருந்தான். அவன் கண் இமைத்தால் அமெரிக்கப் பருத்தி தப்பிப் போகும். போனால் பல்லடத்தில் விலை இறங்கும்.

1865-ல் யுத்தம் முடிந்தது. துறைமுகம் திறந்தது. விலை சரிந்தது. பம்பாயில் பருத்திப் பணத்தை வைத்துப் பங்குச் சூதாடிய பெரிய பெரிய முதலாளிகள் ஒரே வருஷத்தில் கவிழ்ந்தார்கள். அவர்களைப் பற்றிச் சரித்திரம் எழுதப்பட்டிருக்கிறது. கம்பையும் சோளத்தையும் விட்டுவிட்டுப் பருத்தி போட்ட குடியானவனைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது, கோயம்புத்தூர் ஜில்லா அதில் கடுமையாக அடிபட்டது. பஞ்சத்துக்குக் கப்பல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். மழை பொய்த்தது, சர்க்கார் தானியத்தை வெளியே போக விட்டது. ஆனால், தன் விளைச்சலுக்கு விலை வைக்கிறவன் சந்தையில் இல்லை, சமுத்திரத்தில் இருக்கிறான் என்ற பாடத்தைக் கொங்கு நாடு முதல் முதலில் படித்தது அப்போதுதான்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த முற்றுகை அடிமைத்தனத்தை ஒழித்த யுத்தத்தின் ஒரு பகுதி. மனிதனை மனிதன் ஏலம் போட்ட தேசத்தின் கழுத்தை அந்தக் கப்பல்கள் நெரித்தன. அதற்காக அந்த மாலுமியை நான் கும்பிடுவேன். ஆனால் அவன் எங்களை உத்தேசித்துக் காவல் இருக்கவில்லை. எங்களை உத்தேசித்துக் காவலை விடவும் இல்லை. கப்பல் நல்ல காரியத்துக்கே வந்திருந்தாலும், அதன் கணக்கில் நம் பெயர் இல்லை. இந்த ஒன்றைப் பொள்ளாச்சி அன்பர் ஞாபகத்தில் வைத்துக் கொண்டால் போதும்.

அடிமை எஜமானர்களின் கட்சியிலும் ஒரு கப்பல் இருந்தது. 'அலபாமா' என்று பெயர். இங்கிலாந்தில் பிர்கன்ஹெட்டில் ரகசியமாகக் கட்டப்பட்டது. வடக்கின் வாணிபக் கப்பல்களைப் பிடித்துக் கொளுத்துவதே அதன் உத்தியோகம். அது கடல் கடலாகச் சுற்றி வந்து, 1864 ஜனவரியில் நம் மலையாளக் கரைக்கு அருகே 'எம்மா ஜேன்' என்ற கப்பலைப் பிடித்துத் தீ வைத்தது. பிடிபட்ட மாலுமிகளை அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுப் போயிற்று. அதே வருஷம் ஜூனில் பிரெஞ்சுக் கரையில் 'கியர்சார்ஜ்' என்ற வடக்கத்திப் போர்க் கப்பல் அதை மூழ்கடித்தது. அலபாமாவுக்குப் பயந்து அமெரிக்க முதலாளிகள் தங்கள் சரக்குக் கப்பல்களை வேறு தேசக் கொடிக்கு மாற்றிக் கொண்டார்கள். அந்தப் பழக்கம் இன்றும் விடவில்லை. உலகத்திலேயே பெரிய போர்க் கப்பல்களை வைத்திருக்கும் தேசத்தின் கொடியில் ஓடும் சரக்குக் கப்பல்கள் மிகச் சொற்பம். இதற்குப் பின்னால் வருகிறேன்.

நிற்க. இன்னொரு வருஷத்தைச் சொல்ல வேண்டும். 1908.

அமெரிக்கா தன் பலத்தை உலகத்துக்குக் காட்ட ஆசைப்பட்ட காலம் அது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பதினாறு யுத்தக் கப்பல்களுக்கு வெள்ளை வர்ணம் பூசி, உலகத்தைச் சுற்றிவர அனுப்பினார். 1907 டிசம்பரில் புறப்பட்ட அந்த ஊர்வலம் 1909 பிப்ரவரியில் வீடு திரும்பியது. வழியில், 1908 டிசம்பரில், அது கொழும்புத் துறைமுகத்தில் வந்து நின்றது.

அந்த டிசம்பரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை எங்கே இருந்தார்? கோயம்புத்தூர்ச் சிறையில். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே சுதேசிக் கப்பல் விட வேண்டும் என்று 1906-ல் கம்பெனி தொடங்கினார். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களை வாங்கிக் கொண்டு வந்தார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து அடித்தது. சர்க்கார் ராஜத் துரோகம் என்று அடித்தது. 1908 ஜூலையில் தண்டனை. எங்கள் ஊர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் கட்டினார்கள். 1910 வரை இங்கே இருந்தார்.

தூத்துக்குடி – கொழும்புக் கப்பல் பாதைக்கு ஒரு முனையில் பதினாறு வெள்ளைக் கப்பல்கள் கொடி கட்டி நின்றன. பட்டணத்து ஜனங்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். அந்தப் பாதையில் சொந்தக் கப்பல் விட்ட குற்றத்துக்காக ஒரு மனிதர் அதே சமயத்தில் கோயம்புத்தூரில் செக்கைச் சுற்றிக் கொண்டிருந்தார். 'சிங்காநல்லூருக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்கிறவருக்கு, வேறு எந்தப் பதிலும் வேண்டாம், இது ஒன்றே போதும் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது 1971. அப்போது நான் பிறக்கவில்லை. என் தகப்பனார் மில்லில் புதிதாகச் சேர்ந்த ஃபிட்டர். அவர் சொல்லிக் கேட்டது: டிசம்பர் மாதத்தில் ஷிப்டு விட்டதும் தொழிலாளிகள் வீட்டுக்குப் போக மாட்டார்களாம், கேட்டுக்கு எதிரே டீக்கடை ரேடியோவுக்கு முன் நிற்பார்களாம். 'ஏழாவது கப்பற்படை வருது' என்பதுதான் எல்லோர் வாயிலும். வங்காளத்தில் யுத்தம் முடியும் தறுவாயில், நிக்சன் 'என்டர்பிரைஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தலைமையில் ஒரு படைப்பிரிவை வங்காள விரிகுடாவுக்கு ஏவினார். 1961-ல் கடற்படையில் சேர்ந்த அந்தக் கப்பல், உலகத்தின் முதல் அணுசக்தி விமானந்தாங்கி. எட்டு அணு உலைகள். நம்மிடம் இருந்தது ஒரே ஒரு 'விக்ராந்த்'. என்டர்பிரைஸின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. போதாக்குறைக்கு அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல். அந்த விரிசலோடுதான் விக்ராந்த் கிழக்கு வங்கத் துறைமுகங்களை அடைத்து நின்றது.

"பயமா இருந்துச்சாப்பா?" என்று கேட்டிருக்கிறேன்.

"பயமென்ன கண்ணு! வாற சம்பளம் வாற வாரம் வருமான்னுதான் பயம்" என்பார்.

என்டர்பிரைஸ் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது டிசம்பர் 15. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது டிசம்பர் 16. வந்த கப்பல் சும்மா திரும்பிற்று. அதற்குப் பத்து நாளைக்கு முன்பே, விக்ராந்தை வேட்டையாட வந்த பாகிஸ்தானின் 'காஜி' என்ற நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கிப் போயிற்று. அந்தக் காஜி யார் என்று நினைக்கிறீர்கள்? 'டயாப்ளோ' என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் இருந்து, பாகிஸ்தானுக்கு இரவல் கொடுக்கப்பட்ட கப்பல்தான். இரவல் கொடுத்தவன் கரையில் சுகமாக இருந்தான். உள்ளே இருந்த தொண்ணூறுக்கு மேற்பட்ட மாலுமிகள் திரும்பவில்லை. எதிரி நாட்டு மாலுமிகள்தான். அவர்களுக்கும் ஒரு வீடு, ஒரு வாசல், காத்திருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள் அல்லவா?

காவல்காரன் காவல்காரன் என்கிறாரே அன்பர், அந்தக் காவல்காரன் நம் வீட்டு வாசலில் தடியோடு வந்து நின்ற நாளும் உண்டு என்பதற்காக இதைச் சொன்னேன்.

அது பழங்கதை, இப்போது சிநேகிதம் என்பார்கள். உண்மைதான். 2007 ஜூலையில் 'நிமிட்ஸ்' என்ற இன்னும் பெரிய அணுசக்திக் கப்பல் சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டது; இடதுசாரிகள் எதிர்த்துக் கோஷம் போட்டார்கள்; மாலுமிகள் இறங்கி ஊர் பார்த்துவிட்டுப் போனார்கள். 2022 ஆகஸ்டில் 'சார்லஸ் ட்ரூ' என்ற அமெரிக்கக் கடற்படைச் சரக்குக் கப்பல் எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் பழுது பார்க்க வந்தது. நம் தொழிலாளிக்கு வேலை கிடைத்தால் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் 2021 ஏப்ரலையும் மறக்கக் கூடாது. 'ஜான் பால் ஜோன்ஸ்' என்ற நாசகாரிக் கப்பல் லட்சத்தீவுக்கு மேற்கே 130 கடல் மைலில், நம் பொருளாதார மண்டலத்துக்குள், அனுமதி கேட்காமல் சுற்றியது. சுற்றியது மட்டும் அல்ல; "உங்களைக் கேட்கத் தேவையில்லை என்று காட்டுவதற்காகவே இப்படிச் செய்தோம்" என்ற அர்த்தத்தில் ஏழாவது கப்பற்படை அறிக்கையும் விட்டது. கடல் சட்டத்தை அவரவர் எப்படிப் படிக்கிறோம் என்பதில் இரண்டு கட்சி உண்டு. அந்த மண்டலத்தில் அயல்நாட்டு யுத்தப் பயிற்சிக்கு நம் சம்மதம் வேண்டும் என்பது இந்தியாவின் கட்சி. வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. அதை நான் தீர்க்கப் போவதில்லை. எனக்குப் புரியாதது வேறு. 1982-ல் உலக நாடுகள் கூடிச் செய்த அந்தக் கடல் உடன்படிக்கையை இந்தியா 1995-ல் ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா ஏற்கவே இல்லை. சங்கத்தில் சந்தா கட்டாதவர் சங்கத்தின் விதியைக் காட்டி அடுத்தவரை அதட்டுகிற அழகு எங்கள் மில் யூனியன் ஆபீசில்கூட நான் பார்த்ததில்லை.

இனி, நன்றி கெட்டதனத்துக்கு வருகிறேன்.

என் கதையில் வரும் பையனை அன்பர் கற்பனை என்று நினைத்துவிட்டார். அவன் என் அக்கா மகன். என் தகப்பனார் வேலை பார்த்த மில் மூடிக் கிடக்கிறது. மில் இருந்தால் அவனும் தாத்தாவைப் போல ஃபிட்டராகி, மாலையில் குளத்து மேட்டில் காற்று வாங்கிக் கொண்டிருப்பான். மில் இல்லை, ஐ.டி.ஐ. படித்துவிட்டுக் கப்பலுக்குப் போனான். இஞ்சின் அறையில் எண்ணெய் துடைக்கும் உத்தியோகம். கப்பலின் கொடி ஒரு தேசம். முதலாளி இன்னொரு தேசம். சரக்கு மூன்றாவது தேசம். எண்ணெய் துடைக்கிறவன் மட்டும் சிங்காநல்லூர்.

2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹூதிப் படையினர் செங்கடலில் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். டிசம்பரில் அமெரிக்கா சில நாடுகளைச் சேர்த்துக் கொண்டு ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டை அறிவித்தது. பெரிய கம்பெனிகள் சூயஸ் வழியை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. பத்து நாள், இரண்டு வாரம் கூடுதல். திருப்பூரிலிருந்து போகும் பனியன் பெட்டிகளுக்குக் கட்டணம் தாறுமாறாக ஏறிற்று. சில கம்பெனிகள் மட்டும் துணிந்து செங்கடலுக்குள்ளேயே போயின. என் அக்கா மகனின் கம்பெனி அந்தத் துணிச்சல்காரர்களில் ஒன்று. துணிச்சல் கம்பெனிக்கு, உயிர் பையனுக்கு.

அந்த ஜனவரியில் அக்கா ராத்திரியெல்லாம் போனை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள்.

"ஏன்டா தம்பி, அமெரிக்காக்காரன் சண்டைக் கப்பலு காவலுக்கு நிக்குதுங்கறாங்களே, அப்புறமும் என்னத்துக்கு பயப்படோணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாது அக்கா" என்றேன். எனக்கு என்ன தெரியும்? கதை எழுதுகிறவன் சொல்லும் பொய்களில் அது ஒன்று.

பையன் ஊருக்கு வந்தபோது கேட்டேன். "அமெரிக்கக் கப்பலைப் பார்த்தாயா மாப்பிள்ளை?"

"நான் எங்கீங்க மாமா பாக்கறது? கீழே இஞ்சின் ரூமுலயே கிடந்தேன். மேல இருந்த பையன் சொன்னான். ரேடியோவுல ஒருத்தன் பேசினானாம். உங்க கப்பல் எது, எங்க போறீங்கன்னு கேட்டானாம். காப்டன் சொன்னாராம். சரி, ஜாக்கிரதைன்னு சொல்லிப் போட்டுப் போயிட்டானாம். அன்னிக்கு ராத்திரி லைட்டை எல்லாம் அணைச்சுப் போட்டு நாங்க உக்கோந்திருந்தோம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க மாமா."

அமெரிக்க மாலுமியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் எத்தனையோ ஏவுகணைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள்; விலை குறைந்த ட்ரோன்களை வீழ்த்தப் பத்து லட்சக் கணக்கான டாலர் ஏவுகணைகளைச் செலவழித்தார்கள். அவர்களும் இருபது வயதுப் பையன்கள். அவர்களுக்கும் அக்காமார்கள் உண்டு. நான் கேட்பது வேறு. அத்தனை கப்பல் நின்றும், 2024 மார்ச் 6-ந் தேதி 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' என்ற சரக்குக் கப்பல் மேல் ஏவுகணை விழுந்தது. மூன்று மாலுமிகள் செத்தார்கள். இரண்டு பேர் பிலிப்பைன்ஸ், ஒருவர் வியட்நாம். மிஞ்சியவர்களில் ஓர் இந்தியரும் உண்டு. கப்பலில் இருந்த 21 பேரைத் தூக்கிக் கரை சேர்த்தது நம் 'ஐ.என்.எஸ். கொல்கத்தா'. இதை நம் பத்திரிகைகள் ஒரு நாள் போட்டுவிட்டு மறந்துவிட்டன. அமெரிக்க விமானந்தாங்கியின் நீள அகலத்தை மட்டும் டீக்கடையில் பையன்கள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் இருக்க மாட்டேன். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது 'ஆப்ரகாம் லிங்கன்' என்ற அமெரிக்க விமானந்தாங்கி சுமத்ராக் கரையில் நின்று, ஹெலிகாப்டரில் தண்ணீரும் சோறும் கொண்டு போய்க் கொடுத்தது. அதைவிடப் பெரிய காரியம் ஒரு விமானந்தாங்கிக்கு இல்லை என்பேன். இன்னொன்றும் உண்டு. 1971-ல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த 'டிரென்டன்' என்ற கப்பலை 2007-ல் நாம் விலைக்கு வாங்கி 'ஜலாஸ்வா' என்று பெயர் வைத்தோம். கொள்ளை நோய்க் காலத்தில், 2020 ஜூனில், அந்தக் கப்பல் கொழும்பில் தவித்து நின்ற நம்மவர் ஏறக்குறைய 700 பேரை ஏற்றிக் கொண்டு வந்து தூத்துக்குடியில் இறக்கியது.

கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு! எந்தப் பாதையில் கப்பல் விட்டதற்காகச் சிதம்பரம் பிள்ளை எங்கள் ஊரில் செக்கிழுத்தாரோ, அதே பாதை. கப்பல் அமெரிக்கக் கட்டுமானம்தான். ஆனால் கொடி நம்முடையது, உத்தரவு நம்முடையது, ஏறினவர்கள் நம் ஜனங்கள். ஒரே இரும்புதான், யார் உத்தரவில் ஓடுகிறது என்பதில் இருக்கிறது எல்லாம். என் கட்சி முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடக்கம்.

கடல் எல்லோருக்கும் பொது, அதை நாங்கள் திறந்து வைத்திருக்கிறோம் என்கிறார்கள். 1861-ல் தங்களுக்கு வேண்டியிருந்தபோது அதே கடலை 3,500 மைலுக்கு அடைத்தார்கள். இன்று திறந்து வைக்கிறார்கள். அதுவும் தங்களுக்கு வேண்டியிருப்பதால்தான். கடல் திறந்தே இருக்கட்டும்; எங்கள் பனியன் பெட்டி பத்திரமாக அக்கரை சேரட்டும். சேர்ந்து என்ன? 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி என்று அக்கரையில் கதவைச் சாத்தினார்களே, அப்போது திருப்பூரில் தையல் மெஷின் நின்றதை எந்தப் போர்க் கப்பல் வந்து காப்பாற்றிற்று? காவல்காரனும் அவனே, சுங்கச் சாவடிக்காரனும் அவனே. இரண்டுக்கும் அவனுக்குக் காரணம் இருக்கலாம். அவன் தேசத்து நன்மை அவனுக்கு. அதில் தப்பு இல்லை. அதை நம் நன்மை என்று நாமே நினைத்துக் கொண்டு கையெடுத்துக் கும்பிடுவதுதான் தப்பு.

"அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறீர்?" என்று அன்பர் கேட்பார். நியாயமான கேள்வி.

என்டர்பிரைஸ் மாதிரி ஒன்றை நாமும் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2022-ல் கொச்சியில் நாமே கட்டிய புதிய விக்ராந்த் கடற்படையில் சேர்ந்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் போர்க் கப்பலுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி சரக்குக் கப்பலைப் பற்றியது. சிதம்பரம் பிள்ளை பீரங்கிக் கப்பல் வாங்கவில்லை; ஆளும் சரக்கும் ஏற்றும் கப்பல்தான் வாங்கினார். அவர் கேட்டது எளிய விஷயம். நம் சரக்கு நம் கப்பலில் போக வேண்டும் என்றார். நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. இந்தியாவின் வெளிநாட்டு வாணிபத்தில் இந்தியக் கொடிக் கப்பல்கள் சுமப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியைச் சுமப்பவை அந்நியக் கப்பல்கள். அவற்றின் இஞ்சின் அறையில் எண்ணெய் துடைப்பவர்கள் நம் பையன்கள். ஏவுகணை பாயும் கடலுக்குள் போகலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு முதலாளி. அங்கே நம் சர்க்காரின் சட்டமும் எட்டாது, நம் யூனியனின் குரலும் எட்டாது. செக்கு மாறியிருக்கிறது, சுற்றுகிறவன் மாறவில்லை.

இதைத்தான் நம் பேச்சாளர்களும் பத்திரிகைகளும், நான் உள்பட எழுதுகிற கூட்டமும், பேச வேண்டும். சரக்குக் கப்பல் கட்டக் கடன் எங்கே? அந்நியக் கொடிக் கப்பலில் போகிற பையனுக்கு ஆபத்துக் கடலில் "இறங்கிக் கொள்கிறேன்" என்று சொல்லும் உரிமை காகிதத்தில் மட்டும் இருக்கிறதா, கப்பலிலும் இருக்கிறதா? செத்தால் குடும்பத்துக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விகளைத் தூத்துக்குடிக்காரர் மட்டும் கேட்டால் போதாது. பருத்தி விற்றவனும் நூல் நூற்றவனும் பனியன் தைத்தவனும் கேட்க வேண்டும். கடலோடு எங்கள் சம்பந்தம் அவர்களுடையதைவிடக் குறைந்தது அல்ல. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

பொள்ளாச்சி அன்பரே, உங்கள் பேரில் எனக்குக் கோபம் இல்லை. கோயம்புத்தூர் வரும்போது சொல்லி அனுப்புங்கள். சேர்ந்து சிறைச்சாலைப் பக்கம் போய் அந்தச் செக்கை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோம். அதற்கப்புறம் என் வீட்டில் சாப்பிடலாம். அக்காவும் பக்கத்து வீதிதான். பையன் மறுபடியும் கப்பலுக்குப் போயிருக்கிறான். இந்தத் தடவை எந்த வழியாகப் போகிறான் என்று அவனுக்கே தெரியாதாம். அக்காவிடம் நீங்களே வந்து, காவலுக்குக் கப்பல் நிற்கிறது, பயப்படாதே அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னால் அவள் இப்போது நம்புவதில்லை.